காய்ச்சல் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அப்படியே வந்துவிடாதீர்கள்

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 78 வயது. முந்தின இரவு வரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர், காலையில் என்னைப் பார்த்து "நீ யாரு?" என்றார். எழுந்து நிற்கவும் முடியவில்லை. பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தெர்மாமீட்டர் 99 காட்டியது. "ஃபீவர் இல்லையே, வயசானா இப்படித்தான்" என்று ஒரு தூக்க மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிரஷர் பார்க்கவில்லை, ரத்தமோ சிறுநீரோ எடுக்கவில்லை.

அன்று இரவே அம்மாவுக்கு மேல்மூச்சு வாங்கியது, கை கால் சில்லிட்டது. வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பார்த்தபோது மேல் பிரஷர் 84. சிறுநீர்த் தொற்று முற்றி செப்சிஸ் ஆகியிருந்தது, அதாவது தொற்றை எதிர்க்கும் உடலின் எதிர்வினையே கட்டுமீறி உறுப்புகளைப் பாதிக்கும் ஆபத்தான நிலை. அங்கே கல்ச்சருக்கு (என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக்கும் சலைனும் ஏற்றினார்கள். செப்சிஸில் பிரஷர் இறங்கிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். எங்களுக்கோ ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வயதானவர்களுக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். அம்மாவுக்கு வழக்கமாக 97தான் இருக்கும். வழக்கத்தைவிட 2 டிகிரி ஏறினாலே அவர்கள் வயதில் அது காய்ச்சல் கணக்குதான். மூட்டு வலிக்குப் போடும் பாராசிட்டமால் சூட்டை மறைத்துவிடும். பீட்டா பிளாக்கர் வகை பிரஷர் மாத்திரை, நாடி வேகமாவதை மறைத்துவிடும்.

அதனால் ஆளைப் பாருங்கள். திடீர்க் குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், காரணமில்லாமல் விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, சிறுநீர் குறைவது. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் என்றாலும், மேல் பிரஷர் 100 அல்லது அதற்குக் கீழே என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் "நேற்று இப்படி இல்லை, இன்றுதான் மாறினார்" என்று அழுத்திச் சொல்லுங்கள். "செப்சிஸா இருக்குமா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

அதற்காக வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக்கை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். எந்தத் தொல்லையும் இல்லாத முதியவர்களின் சிறுநீரிலும் கிருமி இருப்பது சாதாரணம், அதற்குப் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை.

அம்மா பிழைத்துவிட்டார், நடைதான் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஏன் பிரஷர்கூடப் பார்க்கவில்லை என்று முதல் மருத்துவமனைக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.