எஸ்பிஎஸ்எஸ் போடவும் செக் பண்ணவும் ஆய்வேட்டை வெளியே கொடுக்காதீர்கள்

எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். கடைசி செமஸ்டரில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறீர்களா? பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருக்கும் புராஜெக்ட் சென்டர் எதிலாவது ஃபைலைக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். நான் ஆய்வேட்டைக் காசு கொடுத்து வாங்கவில்லை. ஒவ்வொரு வரியும் நானே எழுதியது. இரண்டே வேலைக்குத்தான் அங்கே போனேன்: டேட்டாவை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர சாஃப்ட்வேரில் போட்டு அட்டவணை எடுக்க, அப்புறம் பிளேஜியரிசம் செக் பண்ண, அதாவது வேறு எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க. அதிலேயே எனக்கு ஆறு மாதம் போய்விட்டது.

கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் தீப்பெட்டி வேலைக்குப் போகும் பெண்கள் வாங்குகிற குழுக் கடன்தான் என் தலைப்பு. நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை சனி, ஞாயிறு எல்லாம் ஊர் ஊராகப் போய் 112 பேரைப் பார்த்தேன். வேலை விட்டு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு பற்றவைத்த பிறகுதான் அவர்களுக்குப் பேச நேரம் கிடைக்கும், அதுவரை திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். ஒரு அக்கா சொன்னார், "எழுதிக்கோ தாயி, தவணை அன்னைக்கு விடியக்காலையிலேயே வந்து வாசல்ல உக்காந்துக்கிருவாக." அதை அப்படியே குறித்துக்கொண்டு வந்து, இங்கிலீஷில் மாற்றி நான்காம் அத்தியாயத்தில் சேர்த்தேன். இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்பிஎஸ்எஸ் எனக்குச் சரியாக வராது. வகுப்பில் ஒரே ஒரு நாள் காட்டினார்கள், அதுவும் முப்பது பேருக்கு நான்கு கம்ப்யூட்டர். சீனியர் ஒருவர் சொல்லித்தான் அந்த சென்டருக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை, மூன்று கம்ப்யூட்டர், சுவர் ஓரமாகப் பைண்டிங் செய்த ஆய்வேடுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தது. போர்டில் எம்.பில். என்று பெரிய எழுத்தில் இருந்தது; பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 இலேயே எம்.பில். படிப்பை நிறுத்திவிட்டது. எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கு 4,500, செக் பண்ண 1,500. அட்வான்ஸ் 3,000 ஜிபே பண்ணினேன், பில் கேட்டதற்கு "மொத்தமா முடிச்சதும் தர்றோம் சிஸ்டர்" என்றார்கள். வேர்ட் ஃபைலை வாங்கிக்கொண்டார்கள். "என்ட்ரி சரிபார்க்கணும்" என்று, பெண்கள் சொன்ன பதில்களை எழுதி வைத்திருந்த 112 கேள்வித்தாள்களையும் கட்டோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைக் கொடுத்தது பெரிய தப்பு.

நான்கு நாளில் தருவதாகச் சொன்ன அட்டவணைகள் பன்னிரண்டாம் நாள் வந்தன. மாத வருமானத்தையும் கடன் வாங்கிய இடத்தையும் வைத்துப் போட்ட அட்டவணையில் கீழே மொத்தம் 150 என்று இருந்தது. நான் பார்த்ததே 112 பேர், மீதி 38 பேர் யார்? வருமானத்துக்கு நான்கு பிரிவு, கடன் வாங்கிய இடத்துக்கு மூன்று பிரிவு வைத்திருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் கைஸ்கொயர் சோதனையில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்ற எண்ணை எடுக்க இரண்டிலும் ஒவ்வொன்றைக் கழித்துப் பெருக்க வேண்டும், அதாவது மூன்று இரண்டு ஆறு. அவர்கள் 9 என்று போட்டிருந்தார்கள். வேறு யாருடைய ஆய்விலிருந்தோ தூக்கி வைத்த அட்டவணை என்று அப்போதே தெரிந்துவிட்டது. மொத்தம் 14 அட்டவணை, பதினான்கிலும் பி வேல்யூ (இது சிறியதாக இருந்தால் தொடர்பு தற்செயல் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்) 0.000. எண் ரொம்பச் சிறியதாக இருந்தால் எஸ்பிஎஸ்எஸ் அப்படித்தான் காட்டும், அது தப்பில்லை. ஆனால் எதை எதோடு வைத்துப் பார்த்தாலும் எல்லாவற்றிலும் அதே விடை எப்படி வரும்? கேட்டேன். "எக்ஸாமினர் இதெல்லாம் உக்காந்து பார்க்க மாட்டாங்க சிஸ்டர், சிக்னிஃபிகன்ட்னு வந்தா போதும்."

வாசலில் உட்கார்ந்து எனக்குக் கதை சொன்ன அந்த 112 பேரை நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. அட்டவணைகளை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். அப்புறம் தெரிந்தவர் ஒருவர் ஜாஸ்ப் என்று ஒரு சாஃப்ட்வேரைச் சொன்னார், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, முழுக்க இலவசம். பிஎஸ்பிபி என்று இன்னொன்றும் இருக்கிறது, பார்க்க எஸ்பிஎஸ்எஸ் போலவே இருக்கும், அதுவும் இலவசம். என் எக்செல் ஃபைலை ஜாஸ்பில் போட்டு மூன்று ராத்திரியில் எல்லா அட்டவணையும் நானே எடுத்துவிட்டேன். தொடர்பு இருப்பதாக வந்தது ஐந்தில்தான், மீதி ஒன்பதில் தொடர்பே இல்லை. கைடு மேடம் அதைப் பார்த்துவிட்டு, "தொடர்பு இல்லைன்னு வர்றதும் முடிவுதாம்மா, அப்படியே எழுது" என்றார்.

ஆனால் நான் மாட்டிக்கொண்டது செக் பண்ணக் கொடுத்த இடத்தில். கொடுத்த அன்றைக்கே 8 சதவீதம்தான் ஒத்துப்போகிறது என்று ரிப்போர்ட் தந்திருந்தார்கள், நானும் நிம்மதியாகத் துறையில் சமர்ப்பித்தேன். இரண்டு வாரம் கழித்து ஹெச்ஓடி கூப்பிட்டு அனுப்பினார். திரையில் என் ஆய்வேடு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பு. 91 சதவீதம். அந்த அக்கா சொன்ன வாசல் வரியும் சிவப்பு. எங்கள் ஆச்சிக்கு நன்றி சொல்லி எழுதியிருந்த பக்கமும் சிவப்பு. ஓரத்தில் ஒரே ஒரு மூலம்தான் காட்டியது: வெளிமாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமர்ப்பித்த மாணவர் கட்டுரை, பக்கத்திலேயே தேதி. கைடு மேடம் என்னைப் பார்த்து, "ஏம்மா, இதை நீதானே எழுதினே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்தத் தேதியைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நான் சென்டரில் ஃபைல் கொடுத்த அதே நாள். பிளேஜியரிசம் செக் பண்ணும் டர்னிட்டின் போன்ற சாஃப்ட்வேர்களைக் கல்லூரிகள்தான் சந்தா கட்டி வாங்குகின்றன. இந்த சென்டரோ யாரோ ஒரு ஆசிரியரின் கணக்கை வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு ஃபைலை ஏற்றும்போது அதைச் சேமிப்பில் வைக்க வேண்டாம் என்று அமைப்பில் தேர்வு செய்யலாம். செய்யாவிட்டால் ஃபைல் அங்கேயே தங்கிவிடும். அடுத்த முறை உங்கள் கல்லூரி அதே ஃபைலை ஏற்றினால், உங்கள் எழுத்தையே யாரிடமோ திருடியது என்று காட்டும். அழிக்கச் சொல்லி நீங்கள் எழுத முடியாது, ஏற்றிய கணக்கின் பக்கமிருந்துதான் கேட்க வேண்டும். சென்டரில் கேட்டதற்கு, "நாங்க 8 தானே கொடுத்தோம், உங்க காலேஜ்ல ஏதோ தப்பு" என்று முடித்துவிட்டார்கள்.

யுஜிசியின் 2018 விதிகள்படி 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 40க்கு மேல் 60 வரை ஒரு வருடம் திருத்தியதைக் கொடுக்கவே முடியாது, 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. நான் நின்றது 91 இல்.

என்னைக் காப்பாற்றியது கைடு மேடத்தின் மெயில்தான். டிசம்பரிலிருந்து ஒவ்வொரு அத்தியாயத்தையும் எழுத எழுத அவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன், அவரும் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார், எல்லாம் தேதியோடு இருந்தது. இதை விசாரித்த குழுவில் கேள்வித்தாள்களையும் கொண்டுவரச் சொன்னார்கள். சென்டரில் போய்க் கேட்டால் பாக்கி 3,000 வைத்தால்தான் தருவோம் என்றார்கள். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், பணத்தையும் கட்டித்தான் வாங்கினேன். வீட்டில் வந்து எண்ணினால் 108 தான் இருந்தது. மீதி நான்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

குழு என் பக்கம்தான் முடிவு சொன்னது. ஆனால் அதற்குள் மே மாத வைவா (ஆய்வேட்டைப் பற்றி நேரில் கேள்வி கேட்கும் தேர்வு) முடிந்திருந்தது. நவம்பரில்தான் எனக்கு வைவா நடந்தது, அந்த வருட பி.எட். சேர்க்கையும் போய்விட்டது. நுகர்வோர் உதவி எண் 1915 இல் புகார் கொடுத்திருக்கிறேன், கையில் பில் இல்லை, ஜிபே ரசீது மட்டும் இருக்கிறது, அதிலும் சென்டர் பெயர் இல்லாமல் ஒரு தனிநபர் பெயர்.

செக் பண்ண வேண்டுமென்றால் உங்கள் துறையிலோ பல்கலைக்கழக நூலகத்திலோ கேளுங்கள், சேமிப்பில் வைக்காமல் பாருங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் கைடுக்கு மெயிலில் அனுப்புங்கள், பென் டிரைவில் மட்டும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வெளியே கொடுத்துவிட்டீர்கள் என்றால், துறையில் ஏற்றுவதற்கு முன்னாலேயே, முடிந்தால் இன்றைக்கே, கைடிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை. அதற்கும் முன்னால் போய் உங்கள் கேள்வித்தாள் கட்டை வாங்கிவிடுங்கள், அங்கேயே நின்று எண்ணி வாங்குங்கள்.