மசாஜ் படிக்க டர்பனில் எந்த வழி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி மெட்ரிக் முடித்த கையோடு வந்து கேட்டாள்: "அக்கா, மசாஜ் படிக்கணும். சில வாரக் கோர்ஸ் போதுமா, டிப்ளமோவே படிக்கணுமா?" இந்த வேலையில் எனக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நான் தொடங்கியது குறுகிய கோர்ஸில்தான். அதை மட்டமாகப் பேச மாட்டேன். நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று ஸ்வீடிஷ் மசாஜின் அடிப்படை அசைவுகள் எல்லாம் அங்கேயே கைக்கு வந்துவிட்டன. 19ஆம் நூற்றாண்டில் டச்சு மருத்துவர் மெட்ஸ்கர் இவற்றை வகைப்படுத்தினார் என்று பாடத்தில் வந்தபோது, பிள்ளை பெற்ற வீட்டில் எங்கள் ஆயா நல்லெண்ணெய் வைத்து இதையெல்லாம் செய்தது நினைவுக்கு வந்தது. கையை வைக்கும் முன் ஆயா "தூங்கினியா, சாப்பிட்டியா" என்று கேட்பார். ஆளை முழுதாகப் பார்ப்பதை ஹோலிஸ்டிக் என்கிறார்களே, அது எனக்கு அதுதான்.

ஆனால் எப்போது கையை வைக்கக் கூடாது என்பதை அந்தக் கோர்ஸ் சொல்லித்தரவில்லை. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த ஒரு அம்மா, "கெண்டைச் சதை வலிக்குது, நல்லா அழுத்தி விடும்மா" என்றார். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது. எண்ணெயைக் கையில் ஊற்றிவிட்டேன். தற்செயலாக வீட்டுக்கு வந்திருந்த நர்ஸ் அக்கா பார்த்துத் தடுத்து, உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார். காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அழுத்தியிருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கும் இதே ஆபத்து அதிகம் என்று பிறகுதான் படித்தேன். நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

அடுத்தது ஸ்பா வழி. ஐடெக், சிடெஸ்கோ போன்ற சர்வதேச டிப்ளமோக்கள் உண்டு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சொமடாலஜி இருக்கிறது. மசாஜோடு தோல், முகப் பராமரிப்பும் சேர்த்துப் படிக்கலாம். உம்லாங்கா ஹோட்டல்களிலும் உல்லாசக் கப்பல்களிலும் இதற்கு மதிப்பு உண்டு. சம்பளம் சீக்கிரம் கைக்கு வரும். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் செய்ய வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மூட்டு தேய்ந்து தொழிலை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மேசையின் உயரத்தைச் சரிசெய்யவும், முன்கையையும் உடல் எடையையும் பயன்படுத்தவும் சொல்லித்தராத ஆசிரியரிடம் காசு கட்டாதீர்கள்.

மூன்றாவது, நான் பிற்பாடு போன வழி: தெரப்யூட்டிக் மசாஜ் தெரப்பி, அதாவது சிகிச்சையாகச் செய்யும் மசாஜ். தென்னாப்பிரிக்காவில் இது சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய தொழில். 1982ஆம் ஆண்டின் 63ஆம் எண் சட்டத்தின் கீழ் இயங்கும் அல்லைட் ஹெல்த் கவுன்சில் இதைக் கவனிக்கிறது. பதிவு இல்லாமல் இந்தப் பெயரில் தொழில் செய்வது குற்றம். உடற்கூறியல், நோயியல், நோயாளியின் வரலாற்றை எழுதி எடுப்பது, ஆசிரியர் முன்னிலையில் உண்மையான நோயாளிகளுக்குச் சிகிச்சை என்று படிப்பு நீளும். இதற்கு வாரக் கணக்கு போதாது, ஆண்டுக் கணக்கு வேண்டும். செலவும் அதிகம். முதல் சில மாதங்கள், "ஸ்பாவில் இதைவிடக் குறைச்சலாச்சே" என்று பேரம் பேசுகிறவர்கள்தான் வருவார்கள். அப்புறம் டாக்டர்கள் ஆள் அனுப்பத் தொடங்குவார்கள். பில் அனுப்பத் தேவையான பிராக்டிஸ் நம்பர் கிடைத்தால், சில மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) திட்டங்கள் பணமும் தரும். அந்த அம்மாவின் காலை இன்று நானே பார்த்துக் கண்டுபிடிப்பேன். எனக்கு அதுதான் பெரிது.

சென்னை போய்ப் படிக்கலாமா என்றும் அவள் கேட்டாள். ஆசை நியாயமானது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் என்ற மசாஜ் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதிலேயே ஒன்பது வகை. ஆனால் இங்குள்ள கவுன்சிலின் பட்டியலில் ஆயுர்வேதம் இருக்கிறது, சித்தம் இல்லை. அதனால் அதை இரண்டாவது படிப்பாக வைத்துக்கொள்வதே நல்லது. பிசியோதெரபி வேறு தொழில். நான்கு ஆண்டுப் பட்டம், பிறகு ஓராண்டு சமூகச் சேவை. மதிப்பெண் இருந்தால் இங்கேயே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்துக்கே விண்ணப்பிக்கலாம்.

என்னைக் கேட்டால் மூன்றாவது வழிதான். வீட்டில் உடனே ஒரு சம்பளம் தேவைப்பட்டால் ஸ்பா டிப்ளமோ முடித்து, வேலை பார்த்துக்கொண்டே பணம் சேர்த்து அதற்கு வரலாம். எதில் சேர்ந்தாலும் முன்பணம் கட்டும் முன், அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலிடமே நேரடியாகக் கேளுங்கள். பள்ளியின் சுவரில் தொங்கும் சான்றிதழை நம்பி நான் ஒரு முறை பணத்தை இழந்திருக்கிறேன். அவள் திங்கட்கிழமை போன் செய்து கேட்கப் போகிறாள். பக்கத்தில் உட்காருங்கள் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறாள்.