மடக்கு கேலரியோடு ஏழு வருடம்

எங்கள் கல்லூரி உள்ளரங்கில் மடக்கு கேலரி, அதாவது வேண்டாதபோது மடக்கி உள்ளே தள்ளிவிடக்கூடிய படிவரிசை இருக்கைகள், போட்டு இந்த ஜூனோடு ஏழு வருடம். எட்டு வரிசை, நடுவில் நடைபாதை, இருபுறமும் பதினோரு நாற்காலி. விரித்தால் ஏழு மீட்டர் வரை வந்து நிற்கும். நாற்காலிகளை மடக்கி உள்ளே தள்ளிவிட்டால், ஒவ்வொரு வரிசையின் தளமும் அதற்கு மேல் வரிசைத் தளத்துக்கு அடியில் நுழைந்து, சுவரோரமாக ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் பெரிய பீரோ மாதிரி அடங்கிவிடும். காலையில் இறகுப்பந்து, சாயங்காலம் ஆண்டு விழா என்று ஒரே தரை இரண்டுக்கும் ஆகிறது.

தளத்தை இழுக்கும் மோட்டார் இதுவரை தொல்லை தரவில்லை. தொல்லையெல்லாம் நாற்காலி மடங்குவதில்தான். வாங்கும்போது நாங்கள் துணியின் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். மடங்கும் விதத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஒவ்வொன்றாகக் கையால் மடக்குவது, லீவரைத் தூக்கினால் வரிசையே மடங்குவது, தளம் உள்ளே நகரும்போது தானாக மடங்குவது என்று இதில் வகைகள் உண்டு. எங்களுடையது லீவர். நாற்காலிகளுக்கு அடியில் நீளமாக ஒரு குழாய் ஓடுகிறது. பூட்டை விடுவித்து லீவரைத் தூக்கினால் குழாய் சுழன்று, பதினோரு முதுகும் ஒன்றாக முன்னால் சாயும். முறுக்கு ஸ்பிரிங் எடையைத் தாங்கிக்கொள்வதால் ஒரு ஆள் போதும். முதல் தடவை பார்த்தபோது மாணவர்கள் கைதட்டினார்கள்.

மூன்றாம் வருடம் ஆரம்பித்தது வினை. "சார், நாலாவது வரிசையில ஒண்ணு தலையைத் தூக்கிட்டு நிக்குது" என்றார் அரங்க உதவியாளர். லீவர் பக்கத்து நாற்காலி முழுசாகப் படுத்திருக்க, கடைசி நாற்காலி இரண்டு விரல்கடை மேலே நின்றது. நீளக் குழாய் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அதோடு ஒவ்வொரு மூட்டிலும் விழுந்த ஆட்டம் சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் தெரிகிறது. மூட்டுகளில் குழாயைச் சுற்றியிருக்கும் சின்ன வளையங்களான நைலான் புஷ் எல்லாம் தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டிருந்தன. அதற்குக் காரணம் நாங்களேதான். சத்தம் வருகிறதே என்று கிரீஸ் அப்பியிருந்தோம், அது தூசியைப் பிடித்து அரைத்துவிட்டது. புஷ் மாற்றி, உலர்வாகவே விட்டோம். சரியாகிவிட்டது.

அப்புறம் அந்தத் தண்ணீர் பாட்டில். மடங்கிய நாற்காலிக்கும் அதன்மேல் வந்து மூடும் தளத்துக்கும் நடுவே நான்கு சென்டிமீட்டர்தான் இடைவெளி. யாரோ விட்டுப்போன எவர்சில்வர் பாட்டில் முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே சிக்கியிருக்க, கவனிக்காமல் மோட்டாரைப் போட்டுவிட்டோம். 'கிரீச்' என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் முதுகு இரண்டாகப் பிளந்து, கீலும் வளைந்தது. பாட்டிலில் ஒரு கீறல்தான்! மேல் வரிசைக்கு மட்டும் இந்தப் பயம் இல்லை, அதன் தலைமேல் தளம் எதுவும் கிடையாது.

இதனால்தான் தானியங்கி வகையில் எனக்கு நம்பிக்கை குறைவு. வேறொரு அரங்கில் பார்த்தேன், அழகாகத்தான் மடங்குகிறது. ஆனால் வரிசை வரிசையாக ஒரு மனிதர் நடக்கும் வேலையே அங்கே இல்லாமல் போகிறது. பாட்டிலை யார் பார்ப்பது?

புதிதாக வாங்குகிறவர்கள் லீவரிலிருந்து கடைசி நாற்காலிவரை எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். பத்து நாற்காலிக்கு மேல் போனால் இரண்டு லீவர் கேளுங்கள். மடக்கு கேலரிக்கென்றே ஐரோப்பாவில் ஈஎன் 13200-5 என்று ஒரு தரநிலை இருக்கிறது, அதற்கான சான்றையும் கேட்டு வாங்கலாம். மாற்று புஷ் ஒரு பெட்டி கூடவே வாங்கிவிடுங்கள்.

எங்கள் உதவியாளர் இப்போது மோட்டாரைப் போடுவதற்கு முன் விளக்குமாற்றுக் கட்டையை ஒவ்வொரு வரிசை மேலும் படுக்கவைத்து நகர்த்திக்கொண்டே போகிறார். எங்காவது தட்டினால் நின்று குனிந்து பார்க்கிறார். போன வாரம் அப்படிக் கிடைத்தது ஒரு ஹால் டிக்கெட்.