ஏட்ரியாட்டிக் மீன் சாப்பாடு: இத்தாலிக் கரையா, டால்மேஷியாவா?

இத்தாலிக்கும் குரோஷியாவுக்கும் நடுவே உள்ள ஏட்ரியாட்டிக்கின் இரண்டு கரையும் ஒரே கடல்தான், சாப்பாடு மட்டும் ஏன் மாறுகிறது? கடலடி வேறு. இத்தாலிப் பக்கம் மணலும் சேறுமாக ஆழம் குறைவு. வடக்கே சராசரி ஆழமே 35 மீட்டர் அளவுதான். குரோஷியாவின் டால்மேஷியாப் பக்கம் பாறையும் தீவுகளும். இழுவலை ஓடும் இத்தாலியில் பல ரகப் பொடிமீன் கலந்து வரும். அது சட்டிக்குப் போகிறது. பாறைப் பக்கத்து மீன் முழுசாகத் தணலுக்குப் போகிறது.

சமையலுக்காகவே போகிறவர் என்றால் என் ஓட்டு இத்தாலிக்கு. காரணம் ப்ரொதெத்தோ என்ற மீன் குழம்பு. விற்காமல் மிஞ்சிய மீனைப் படகுக்காரர்கள் போட்டுக் காய்ச்சியது. இன்று ஊருக்கு ஒரு செய்முறை, ஊருக்கு ஒரு சண்டை. அங்கோனாவில் 13 வகை மீன் இருந்தால்தான் முறையானது என்பார்கள். சான் பெனதெத்தோவில் பச்சைத் தக்காளி, குடைமிளகாய், வினிகர். நமக்குப் புளி செய்கிற வேலையை அங்கே வினிகர் செய்கிறது. போர்த்தோ ரெகனாத்தியில் தக்காளியே கிடையாது, காட்டுக் குங்குமப்பூவின் மஞ்சள் நிறம்தான். தெற்கே வாஸ்தோவில் மண்சட்டி. கரண்டி போட்டுக் கிளறக்கூடாது, சட்டியைத்தான் ஆட்ட வேண்டும். மிச்சக் குழம்பில் பாஸ்தாவைப் புரட்டுவார்கள். இந்தப் போட்டிக்கு ஒரு முடிவு வராது, வராமலிருப்பதே நல்லது.

டால்மேஷியாவிலும் இதன் உறவு உண்டு, பெயர் ப்ரூதெத். 1420 முதல் 1797 வரை அந்தக் கரையின் பெரும்பகுதி வெனிஸின் கையில் இருந்தது, ஆச்சரியமில்லை. மக்காச்சோள மாவுக் களியோடு வரும். ஆனால் காரம் தேடுகிறவர் நெரெத்வா ஆற்றுக் கழிமுகத்துக்குப் போக வேண்டும். அங்கே விலாங்கும் தவளையும் போட்டு மிளகாய் தூக்கலாகச் செய்வார்கள்.

டால்மேஷியா ஜெயிக்கிற இடம் வேறு. மாலி ஸ்தோன் வளைகுடாவில் கடலுக்குள் நன்னீர் ஊற்று கலக்கிறது. அங்கே வளரும் தட்டைச் சிப்பியை எலுமிச்சை பிழிந்து பச்சையாகச் சாப்பிடுவதற்கு ஈடு எதிர்க்கரையில் நான் சொல்ல மாட்டேன். அப்புறம் பெக்கா: ஆக்டோபஸையும் உருளைக்கிழங்கையும் மணிவடிவ மூடிக்கு அடியில் வைத்து, மேலே தணல் குவித்து வேக வைப்பது. முன்கூட்டியே சொல்லி வைக்காமல் போனால் கிடைக்காது. பச்சையாகவே வேண்டும் என்று தெற்கு இத்தாலிக்குப் போகிறவருக்குப் பாரி நகரத் துறைமுகம் உண்டு. அங்கே ஆக்டோபஸைக் கல்லில் அடித்து மென்மையாக்கி அப்படியே தருவார்கள். எல்லோருக்கும் இறங்காது.

செலவில் இரண்டு பக்கமும் ஒரு கண்ணி இருக்கிறது. குரோஷிய மெனுவில் மீனுக்குக் கிலோ விலை, இத்தாலியில் பெரும்பாலும் 100 கிராம் விலை. எடை போட்டுக் காட்டச் சொல்லாமல் சரி என்று தலையாட்டக்கூடாது. இத்தாலியில் ஆகஸ்டை ஒட்டி இழுவலைப் படகுகளுக்குத் தடைக்காலம் வரும். மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறைய வைத்த சரக்கு என்று அர்த்தம். டால்மேஷியாவில் அதே மாதம் கூட்டமும் விலையும் உச்சம். மே, ஜூன், செப்டம்பர் பிற்பகுதி பரவாயில்லை.

போக்குவரத்தில் இத்தாலி எளிது: அங்கோனாவிலிருந்து பாரி வரை ரயில் பெரும்பாலும் கடலை ஒட்டியே ஓடும். டால்மேஷியாவின் டுப்ரோவ்னிக் நகரத்தில் ரயிலே இல்லை, பேருந்தும் படகும்தான். 2022இல் திறந்த பெல்யேஷாட்ஸ் பாலம் வந்தபின் ஸ்ப்லித் நகரத்திலிருந்து சிப்பிக்குப் பேர்போன ஸ்தோன் போக போஸ்னியா எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டது, நாணயமும் யூரோதான். அங்கோனாவில் இரவுப் படகு ஏறினால் காலையில் ஸ்ப்லித்.