முதுநிலைக் கலை ஆய்வு: வெளியாள் கருத்தை யாரிடம், எப்போது கேட்பது?

வைவாவுக்கு (ஆய்வின் வாய்மொழித் தேர்வுக்கு) இரண்டு வாரம் இருக்கும்போது, கருத்துச் சொல்லத் துறைக்கு வெளியே ஒருவரைத் தேடி ஓடும் மாணவர்கள் பலர். அப்போது கிடைக்கும் கருத்து எத்தனை கூர்மையானாலும் படைப்பில் ஏறாது. எனவே யாரிடம் காட்டுவது என்பதற்கு முன், எதை இன்னும் மாற்ற முடியும் என்று பாருங்கள். வெண்கலம் என்றால் வார்ப்பதற்கு முன், மெழுகு உருவத்திலேயே காட்ட வேண்டும். சுடுமண் என்றால் சூளைக்குப் போகும் முன், மண் ஈரமாக இருக்கும்போதே. எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடுவது) என்றால் தகடு அமிலத்தில் ஊறிய ஒவ்வொரு முறையும் எடுக்கும் சோதனைப் பிரதியோடு.

மூத்த கலைஞர் நேரில் பார்ப்பது

செய்முறைச் சிக்கலுக்கு இதற்கு ஈடில்லை. சென்னை மாணவர்களுக்கு, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமும், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மையமும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மூன்று வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள். ஆபத்து ஒன்று உண்டு: அவர் உங்களைத் தன் பாணிக்கு இழுப்பார். “நானாக இருந்தால் அந்தச் சிவப்பை எடுத்துவிடுவேன்” என்றால், “சிவப்பு உங்கள் கண்ணை எங்கே கொண்டுபோகிறது, ஐயா?” என்று கேளுங்கள். முதலில் சொன்னது அவர் ரசனை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது பதில்.

படங்களை பிடிஎஃப் ஆக அனுப்புவது

தொலைவில் இருப்பவருக்கு இதுவே வழி. பத்துப் பன்னிரண்டு படைப்புகள், நீளப் பக்கம் 2000 பிக்சல், கீழே ஊடகமும் சென்டிமீட்டர் அளவும். 180 செ.மீ. கேன்வாஸும் 30 செ.மீ. தாளும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஆள் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். இருபுறமும் 45 பாகையில் விளக்கு வைத்தால் பளபளப்பு அடங்கும், ஆனால் தடித்த வண்ணப்பூச்சும் தட்டையாகிவிடும். ஒரே விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி இன்னொரு படம் எடுங்கள். இவ்வளவு செய்தும், நிறம் பற்றி இவ்வழியில் வரும் கருத்தை நம்ப வேண்டாம். அவர் திரை வேறு.

குழு விமர்சனம்

வேறு கல்லூரி மாணவர்கள் ஐந்தாறு பேர் போதும். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த நான்கு படி முறை இதற்கு நன்றாகப் பொருந்தும்: பார்ப்பவர்கள் தங்களைத் தொட்டதைச் சொல்வார்கள், படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்பார், பின் பார்ப்பவர்கள் சார்பற்ற கேள்வி கேட்பார்கள், கடைசியில், படைத்தவர் அனுமதித்தால் மட்டும் அபிப்பிராயம். இது குலைவது மூன்றாம் படியில்தான். “ஏன் இவ்வளவு இருட்டு?” என்பது வேடமிட்ட அபிப்பிராயம். “வெளிச்சத்தை எப்படித் தீர்மானித்தீர்கள்?” என்பதே கேள்வி. நடத்துபவர் உங்கள் கைடாக (ஆய்வு வழிகாட்டியாக) இருக்கக் கூடாது. அவர் முன்னால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

துறைக்கு வெளியே ஒரு வாசகர்

எழுத்துப் பகுதிக்கு ஓவியரைவிட வரலாறோ தமிழோ படித்தவர் மேல். பதினைந்து பக்கமும் அதற்குரிய படங்களும் மட்டும் கொடுங்கள். இரண்டு முறை படிக்க நேர்ந்த இடங்களில் கோடு போடச் சொல்லுங்கள், திருத்தி எழுதவிடாதீர்கள்.

இந்த நான்கு வழிகளில் இரண்டுக்குத்தான் நேரம் என்றால், பாதி வேலையில் மூத்த கலைஞரும், கடைசி இரண்டு மாதத்தில் இந்த வாசகரும். இருவரையும் பற்றிக் கைடிடம் முன்பே சொல்லிவிடுங்கள். புறத்தேர்வாளராக வரக்கூடியவரிடம் மட்டும் காட்டாதீர்கள். உதவியவர் பெயரை, அவர் சம்மதத்தோடு, நன்றியுரையில் சேர்த்துவிடுங்கள்.