கன்சர்வேஷனா, எஃபிஷியன்சியா? ஒரு ஃபேனும் சில ஆங்கிலச் சொற்களும்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ஆற்றல் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் 'எனர்ஜி கன்சர்வேஷன்', 'எனர்ஜி எஃபிஷியன்சி', 'எனர்ஜி சேவிங்' மூன்றையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. எல்லாவற்றுக்கும் 'சேமிப்பு' என்று நாம்தான் சொல்லிப் பழக்கிவிட்டோம்.

முதல் இரண்டையும் பிரித்துக் காட்ட, தலைக்கு மேலே சுற்றும் ஃபேனே போதும். பழைய ஃபேன் முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். தினம் 10 மணி நேரம் ஓடினால் மாதம் 22.5 யூனிட். ஆள் இல்லாத 2 மணி நேரம் அதை நிறுத்தினால் 18 யூனிட்டுக்கு இறங்கும். இது கன்சர்வேஷன். ஃபேன் அதேதான், நம் பழக்கம் மாறியிருக்கிறது.

சரி, அதைக் கழற்றிவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேனை, அதாவது குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் உள்ள ஃபேனை, மாட்டுங்கள். அதே 10 மணி நேரம், காற்றும் கிட்டத்தட்ட அதே. மாதம் 9 யூனிட்தான். இது எஃபிஷியன்சி. 'யூஸ் லெஸ்' என்பதற்கும் 'வேஸ்ட் லெஸ்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று எழுதிப்போட்டால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

எது மேல் என்று கேட்டால், யூனிட் கணக்கு எஃபிஷியன்சி பக்கம்தான் நிற்கிறது. ஆனால் பிஎல்டிசி ஃபேன் விலை கூடுதல். சுவிட்சை அணைக்கக் காசு வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம். கட்டுரையில் இரண்டும் வரட்டும், இடம் மாறாமல் வரட்டும்.

அரசாங்கத்தின் பெயர்களிலும் இரண்டு சொல்லும் உண்டு. 2001-இல் வந்த சட்டத்தின் பெயர் எனர்ஜி கன்சர்வேஷன் ஆக்ட். அதன்படி 2002-இல் அமைந்தது பீரோ ஆஃப் எனர்ஜி எஃபிஷியன்சி. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிள் அவர்களுடையது. சட்டத்துக்குக் கன்சர்வேஷன் ஒரு பெரிய குடை, எஃபிஷியன்சி அதற்குள் அடக்கம்.

'சேவிங்' பேச்சுவழக்குச் சொல், போஸ்டருக்குப் பொருந்தும். அதில் ஒரு குழி இருக்கிறது. பேட்டரியில் பிடித்துவைப்பதையும் தமிழில் சேமிப்பு என்கிறோம் அல்லவா, அதனால் 'சேவ் இன் பேட்டரி' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே 'ஸ்டோர்' என்றுதான் வரவேண்டும்.

ஆற்றல் மூலங்களில் குழப்புவது 'ரினியூவபிள்', 'கிளீன்' ஜோடி. முப்பந்தல் காற்றாலைக்கு இரண்டும் பொருந்தும், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு இரண்டுமே பொருந்தாது. கூடங்குளத்தில் மின்சாரம் எடுக்கும்போது கரியமில வாயு வராது, அதனால் அதைக் கிளீன் என்பார்கள். யுரேனியம் தோண்டத் தோண்டத் தீர்வதால் ரினியூவபிள் ஆகாது. விறகு நேர்மாறு. மரம் மறுபடி வளரும், அடுப்படியில் புகை கண்ணைக் கரிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி வேறு. இயற்பியல் பாடத்தில் 'கன்சர்வேஷன் ஆஃப் எனர்ஜி' என்றால் ஆற்றல் அழிவின்மை விதி. அதையே திருப்பி 'எனர்ஜி கன்சர்வேஷன்' என்று போட்டால் பெரும்பாலும் சிக்கனத்தைக் குறிக்கும். ஒரு பெண் கேட்டாள்: "ஆற்றல் அழியவே அழியாதுன்னா எதுக்கு மிஸ் மிச்சம் பிடிக்கணும்?"

அன்று பழைய ஃபேனை நிறுத்தி, பெஞ்சு மேல் ஏறி அதன் மோட்டாரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். நன்றாகச் சுட்டது. காற்றாக வராத கரண்ட் அங்கேதான் இருந்தது, அழியாமல், யாருக்கும் உதவாத சூடாக.