லாய வாசலா, சாயும் வெயிலா: குதிரைப் படத்துக்கு எந்த ஒளி?

ஃப்ளாஷ் இல்லாமல் குதிரையைப் படமெடுக்க விரும்புகிறவருக்குத் திசை தெளிவாக உள்ள இயற்கை ஒளி இரண்டு இடங்களில் கிடைக்கிறது. காலையிலும் மாலையிலும் திறந்த வெளியில் சாய்ந்து விழும் வெயில் ஒன்று. லாயத்தின் வாசல் வழியே உள்ளே வரும் வானொளி மற்றொன்று. இரண்டிலும் எடுத்துப் பழகியபின், நிற்கும் குதிரையின் உருவப்படங்களுக்கு நான் லாய வாசலையே தேர்ந்துகொண்டேன். ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

சாயும் வெயிலின் அழகைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செம்பழுப்புக் குதிரை அதில் தகதகக்கும். பின்னாலிருந்து விழுந்தால் பிடரி மயிரின் ஓரமெல்லாம் ஒளிரும். ஓடும் குதிரைக்கு வெளியை விட்டால் வேறு வழியும் இல்லை. பாய்ச்சலை அசையாமல் பிடிக்க 1/1000 நொடி ஷட்டர் வேகமாவது வேண்டும். அதற்குரிய வெளிச்சமும் குதிரை ஓடுவதற்கான இடமும் அங்கேதான் உள்ளன. ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரு கணம் தரையை விட்டு எழுகின்றன என்பதை 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் படமெடுத்துக் காட்டியபோது, நல்ல வெயிலோடு வெண்ணிறப் பின்புலமும் அவருக்குத் தேவைப்பட்டது. அப்படியும் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் நிழலுருவங்களே. இன்றைய கேமராக்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

வெயிலின் குறை முகத்தில் தெரியும். சூரியன் சிறிய ஒளிமூலமாதலால் அதன் நிழல்கள் கூர்மையானவை. குதிரையின் கண் தலையின் பக்கவாட்டில், புருவ எலும்பின் கீழ் அமைந்திருப்பதால், தலை சற்றே திரும்பினாலும் கண் இருட்டுக்குள் போய்விடுகிறது. வெண்குதிரையின் ஒளிபட்ட பக்கம் விவரமின்றி வெளுத்துப்போவதும் உண்டு.

லாய வாசலில் நடப்பது வேறு. நேர் வெயில் புகாத வாசலில், திறந்த வானத்தின் ஒரு பெரிய பகுதியே ஒளிமூலமாகிறது. மூலம் பெரிதானால் நிழலின் ஓரம் மென்மையாகும். குதிரையை வாசற்படிக்குச் சற்று உள்ளே நிறுத்தி, எதிர்ப்புறக் கதவையும் சன்னல்களையும் மூடிவிட்டால், பின்னாலுள்ள இருட்டுக்கும் குதிரைமீதுள்ள வெளிச்சத்துக்கும் பல மடங்கு வேறுபாடு உண்டாகி, பின்புலம் தானாகவே கறுத்துவிடும். கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் அந்தக் கறுப்பைக் கண்டு ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டப் பார்க்கும் என்பதால், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்துக்கொள்வது நல்லது. நேர் எதிரே வெளியில் நின்று எடுத்தால் ஒளி தட்டையாக விழும். வாசலின் ஒரு நிலைப்பக்கத்தை ஒட்டி உள்ளே நின்றுகொண்டு, குதிரையின் குறுக்கே ஒளி பாயும்படி எடுத்தால் கன்ன எலும்பின் மேடும், முகத்தில் ஓடும் நரம்பும், கழுத்துத் தசையின் மடிப்பும் எழுந்து நிற்கும். கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தால், கிடைமட்டமாக நீண்ட கண்மணிக்கு மேலே வாசல் முழுவதும் ஒரு வெளிச்சக் கட்டமாகத் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் நம் உருவமும் கறுப்பாக நிற்கிறதென்றால் ஓரடி விலகிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் அழகு பற்றிய பேச்சு. அழகில் இரண்டையும் சமம் என்று ஒருவர் வாதிட்டால் நான் பெரிதாக மறுக்கமாட்டேன். என் முடிவைத் தீர்மானித்தது காத்திருக்க முடிகிறதா என்ற ஒரே கேள்விதான். குதிரையின் இரண்டு காதுகளும் தனித்தனியே திரும்பக்கூடியவை. இரண்டும் ஒருசேர முன்னோக்கி விறைத்து, கழுத்து நிமிர்ந்து, கண் விழித்திருக்கும் தருணத்தை நாம் ஏவிப் பெற முடியாது. பிளாஸ்டிக் பையைச் சலசலத்தாலும், கைப்பேசியில் கனைப்பொலியை ஒலிக்கவிட்டாலும் முதலில் பலன் இருக்கும். சிறிது நேரத்தில் குதிரை அதைப் பழகிக்கொண்டு, ஒரு பின்னங்காலை ஓய்வாகத் தளர்த்தி நின்றுவிடும். அதன்பின் அதைச் சற்று நடத்திக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். பிரகாசத்திலிருந்து இருட்டுக்கு மாறும்போது குதிரையின் கண் பழக மனிதக் கண்ணைவிட நேரம் பிடிக்கும் என்பதால், உள்ளே வந்ததும் சில நிமிடங்கள் சும்மா நிற்கவிடுவதும் அவசியம். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை இறங்குகிறது. குதிரை மனம்வைப்பதற்குள் நிழல் நீண்டு, நிறம் சிவந்து, ஒளி போய்விடும். வாசல் ஒளியோ அதே திசையில் மணிக்கணக்கில் நிற்கும். மேகம் வந்தால் அளவு குறையுமே தவிரத் திசை மாறுவதில்லை. குதிரையை அவசரப்படுத்தாத படங்களில் அதன் முகமே வேறாக இருக்கிறது.

இதற்கு வாசலின் திசை ஒத்துழைக்க வேண்டும். கடக ரேகைக்கு வடக்கே உள்ள இடங்களில் வடக்குப் பார்த்த வாசலில் நடுப்பகல் வெயில் நுழைவதே இல்லை. மகர ரேகைக்குத் தெற்கே தெற்கு வாசல் அப்படி. இடைப்பட்ட பகுதிகளில் பருவத்துக்கேற்ப வாசலையோ நேரத்தையோ மாற்றிக்கொள்ள வேண்டும். வாசலுக்கு முன்னால் புல்தரை இருந்தால் தாடையிலும் அடிவயிற்றிலும் பச்சைச் சாயல் படியும். வெளிர்மணல் இருந்தால் அதுவே கீழிருந்து நிழலை நிரப்பிக்கொடுக்கும். நிழலொளி நீலம் கலந்தது என்பதால் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 7000 கெல்வின் அளவில் வைத்துத் தொடங்கலாம். கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 800 முதல் 1600 வரை ஏற்ற வேண்டியிருக்கும். லென்ஸ் இரு முறைக்கும் பொது: 85 மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸோடு நெருங்கிப் போனால் மூக்கு பெருத்துவிடும்.

கருங்குதிரைக்குக் கறுப்புப் பின்புலமா என்று தயங்குகிறவர்கள், வானத்தின் பிரதிபலிப்பு கழுத்தின் நீளத்துக்கு ஒரு கோடாக ஓடும்வரை அதைத் திருப்பிப் பார்க்கலாம். கழுத்து மேட்டின் உருவத்தை அந்தப் பளபளப்பே வரைந்துவிடும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: வாசலில் குதிரையைக் கட்டிவைக்காமல், கயிற்றைப் பழகிய ஒருவர் கையில் கொடுக்க வேண்டும், அது வெளியேறும் வழியை நாம் மறித்து நிற்கவும் கூடாது. குட்டிகளை வாசலில் எடுத்த அனுபவம் எனக்குக் குறைவு. எடுத்தவரையில், தாயை உள்ளே நிறுத்தினால் குட்டியும் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆனால் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. அவற்றுக்கு வெளியும் வெயிலுமே பொருத்தம் என்று தோன்றுகிறது.